வேலையை விடுவதா, தொடர்வதா?



வருகிற ஜூலை 31-ஆம் தேதி லொயோலா புனித இஞ்ஞாசியாரின் திருவிழா. இந்தப் புனிதரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 1521-ஆம் ஆண்டின் பம்ப்லோனா கோட்டையும், பீரங்கிக் குண்டும், உடைந்த காலும்தான் நமக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. இன்று அவரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவராகப் பார்ப்போம். நமக்கு அண்மையில் வந்த ஒரு கடிதம்தான் இதற்குக் காரணம்.

கடிதம் எழுதியவர் இரண்டு பிள்ளைகளின் தாய். ஒரு தனியார் நிறுவனத்தின் நிர்வாகப் பிரிவில் நான்கு ஆண்டுகளுக்கு மேலாக வேலை செய்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். காலையில் இரண்டு பேருந்து மாறி, ஒன்பது மணிக்குள் விரல் ரேகை வைக்க வேண்டும். தாமதமானால் அரை நாள் சம்பளம் போய்விடும். வருகைப் பதிவு, விடுப்பு விண்ணப்பம், மின் கட்டணம், கூரியர், தண்ணீர் கேன், ஏசி மெக்கானிக் என்று மற்றவர்கள் மறந்த எல்லாமே கடைசியில் இவர் மேசைக்கு வருகின்றன. எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில் இவர் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒன்று தவறினால், எல்லார் முன்னிலையிலும் மேலாளர் சத்தம் போடுகிறார். இரண்டு ஆண்டுகளாகச் சம்பள உயர்வு இல்லை. கணவரின் வருமானம் நிலையானதல்ல. ராஜினாமாக் கடிதத்தைக் கைப்பேசியில் எழுதி வைத்திருப்பதாகவும், ஞாயிறு மாலையானாலே நெஞ்சை அடைப்பதுபோல் இருப்பதாகவும் எழுதுகிறார். கடைசியில் இரண்டு கேள்விகள் கேட்கிறார். இந்த வேலையை விட்டால், கடவுள் கொடுத்ததை உதறியவளாவேனா? விடாமல் இருந்தால், கடவுள்மேல் நம்பிக்கை வைக்கப் பயந்தவளாவேனா?

விடுங்கள் என்றோ விடாதீர்கள் என்றோ வானொலி வழியாகப் பதில் சொல்வது பொறுப்பான செயல் அல்ல. அந்த முடிவு அவருடையது, அவர் குடும்பத்தினுடையது. ஆனால் இத்தகைய முடிவை எப்படி எடுப்பது என்பதற்கு நம் திருஅவையில் ஒரு தெளிவான வழி இருக்கிறது. அதைத் 'தெளிந்து தேர்தல்' என்கிறோம். 2022 ஆகஸ்ட் இறுதியிலிருந்து 2023 சனவரித் தொடக்கம் வரை திருத்தந்தை பிரான்சிஸ் புதன்கிழமை மறைக்கல்வி உரைகளில் இதையே தொடர்ந்து விளக்கினார். துறவியருக்கும் குருமாணவருக்கும் மட்டும் உரியது என்று நாம் ஒதுக்கி வைத்திருந்த ஒன்றை அவர் எல்லாருக்கும் உரியதாகக் காட்டினார்.

முதலில் நற்செய்திக்குப் போவோம். இன்றைய அலுவலக வேலைக்கு நெருக்கமாக நற்செய்தியில் வருவது வரி தண்டுவோரின் வேலைதான். கணக்கும் காசும் மேலிடத்துக் கெடுபிடியும், சேர்ந்தே மக்களின் வெறுப்பும் நிறைந்த வேலை அது. யோர்தான் பகுதியில் திருமுழுக்கு யோவானிடம் வரி தண்டுவோர் சிலர் வந்து, தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள் (லூக்கா 3:12-13). அவர் வேலையை விடச் சொல்லவில்லை. குறிக்கப்பட்ட தொகைக்கு மேல் வாங்காதீர்கள் என்கிறார், அவ்வளவுதான். அதே தொழிலைச் செய்த மத்தேயு, இயேசு அழைத்ததும் சுங்கச்சாவடியிலிருந்து எழுந்து போய்விடுகிறார் (மத்தேயு 9:9). மூன்றாமவர் எரிக்கோவின் சக்கேயு (லூக்கா 19:1-10). பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் அவர் சொல்கிறார். வேலையை விட்டார் என்று லூக்கா எழுதவில்லை.

ஒரே தொழிலில் இருந்தவர்களுக்கு வெவ்வேறு வழிகள். எனவே, விசுவாசி என்றால் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்று பொதுப்படையாகச் சொல்பவரும், மனத்துக்குப் பிடிக்காத வேலையை உதறிவிட்டுக் கனவைத் துரத்து என்று யூடியூபில் முழங்குபவரும் நற்செய்தியை முழுதாக வாசிக்கவில்லை. குறிப்பாக, சிலுவையைச் சுமந்துகொள் என்ற அறிவுரையை நாம் மிக எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒருவர் அன்பினால் தாமே ஏற்கும் துன்பம் ஒன்று. மற்றொருவரின் கெட்ட கோபத்துக்குத் தினமும் இலக்காக உட்கார்ந்திருப்பது வேறு. இரண்டாவதற்கு 'சிலுவை' என்று பெயர் வைத்தால், சத்தம் போடுகிறவருக்குத்தான் வசதி.

இனி இஞ்ஞாசியாரிடம் வருவோம். இளம் வயதில் அரேவலோ என்ற ஊரில், அரசின் தலைமைக் கருவூல அதிகாரியின் வீட்டில் அவர் வளர்ந்தார். அங்கேதான் அரண்மனை நடைமுறைகளையும் அழகிய கையெழுத்தையும் கற்றார். மனமாற்றத்துக்குப் பின் அவருடைய ஆசை எருசலேமில் வாழ்ந்து மடிவதாக இருந்தது. 1523-இல் அங்கே போயும் சேர்ந்தார். ஆனால் தங்க அனுமதி கிடைக்கவில்லை, திருப்பி அனுப்பப்பட்டார். கடைசியில் என்ன ஆனது? 1541-இல் இயேசு சபையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1556-இல் இறக்கும்வரை ஏறக்குறைய முழுக்க உரோமையிலேயே கடிதங்களோடும் கணக்குகளோடும் காலம் கழித்தார். அவர் பெயரில் ஏறத்தாழ 7,000 கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. நம் முத்துக்குளித்துறையில் உழைத்த புனித சவேரியார் ஐரோப்பாவுக்கு அனுப்பிய செய்திகளும் அந்த இல்லத்தைத்தான் போய்ச் சேர்ந்தன. திருப்பயணியாக வாழ விரும்பியவர் நிர்வாகியாக முடிந்தார் என்று சொன்னால் மிகையில்லை. ஆகவே மேசை வேலையின் அலுப்பை அறியாத ஒருவர் தூரத்திலிருந்து சொல்லும் அறிவுரை அல்ல இது.

'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற அவருடைய சிறு நூலுக்கு 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தார். வாழ்வில் ஒன்றைத் தேர்ந்துகொள்வது பற்றி அந்த நூலில் ஒரு பகுதி இருக்கிறது. அங்கே அவர் முதலில் இடும் வேலி மிக முக்கியமானது. தெளிந்து தேர்தல் என்பது நல்லவற்றுக்கும், குறைந்தபட்சம் தீமையில்லாதவற்றுக்கும் இடையில் நடப்பது. பாவத்துக்கும் புண்ணியத்துக்கும் நடுவில் தராசு பிடிக்க இடமில்லை.

ஆகவே கடிதம் எழுதிய சகோதரியிடம் நாம் முதலில் கேட்பது இதுதான்: இந்த வேலை உங்களைப் பொய் சொல்ல வைக்கிறதா? வராத ஆளுக்கு வருகை போடுதல், நடக்காத செலவுக்கு பில் தயாரித்தல், ஆய்வுக்கு வருபவருக்கு ஒரு பதிவேடும் உள்ளுக்கு ஒரு பதிவேடும் எழுதுதல் என்று நிர்வாகப் பிரிவில் இருப்பவருக்கே உரிய சோதனைகள் உண்டு. கையெழுத்து இவருடையது, ஆதாயம் வேறொருவருடையது. அப்படியானால் முதலில் மறுக்க வேண்டும். உத்தரவை எழுத்தில் தரச் சொல்ல வேண்டும். அதற்கும் மேலே இருப்பவரிடம் தெரிவிக்க வேண்டும். எழுத்தில் தாருங்கள் என்றதும் பல உத்தரவுகள் காணாமல் போய்விடும் என்பது அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதன் பிறகும் வற்புறுத்தினால், போவதா இருப்பதா என்ற கேள்விக்கு இடமில்லை. எப்போது, எப்படிப் போவது என்பது மட்டுமே மிச்சம். அதே நேரம், ஒழுங்கற்ற அலுவலகம் எல்லாம் பாவமான அலுவலகம் ஆகிவிடாது. கோப்புகள் கலைந்து கிடப்பதும் மேலாளருக்கு நிதானம் இல்லாததும் எரிச்சல் தருபவை. அவற்றை மனச்சாட்சிப் பிரச்சினையாக ஊதிப் பெருக்க வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. சில பெண்கள் 'மேலாளர் சரியில்லை' என்று மட்டும் எழுதுவார்கள். எழுதாமல் விட்டது வேறாக இருக்கும். பாலியல் சீண்டல் என்றால், அதற்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். சிறிய நிறுவனங்களுக்கு மாவட்ட அளவில் குழு உண்டு. பொதுவாக மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். சத்தமில்லாமல் வேலையை விட்டுப் போவது மட்டுமே மானத்தைக் காக்கும் வழி என்று நம் பெண்பிள்ளைகளுக்கு இனியும் சொல்லிக் கொடுக்காதிருப்போம்.

இந்த வேலியைத் தாண்டி, வேலை நேர்மையானதுதான், ஆனால் தாங்க முடியவில்லை என்ற நிலைக்கு வருவோம். பெரும்பாலானோர் நிற்பது இங்கேதான்.

இஞ்ஞாசியார் மன்ரேசா என்ற ஊரில் 1522-23-இல் ஏறக்குறைய பதினொரு மாதம் தங்கியிருந்தார். அங்கே தம் உள்ளத்தில் மாறி மாறி வந்த இரண்டு நிலைகளைக் கவனித்தார். ஒன்று ஆறுதல் நிலை: நம்பிக்கை வளர்கிறது, மனம் விரிகிறது, கண்ணீர் வந்தாலும் அது கசப்பதில்லை. மற்றொன்று வறட்சி நிலை: இருள், அமைதியின்மை, எதிலும் பற்றில்லாமை, கடவுள் எங்கோ போய்விட்டார் என்ற எண்ணம். வறட்சி நிலையில் இருக்கும்போது, முன்பு அமைதியோடு எடுத்த முடிவை மாற்றாதே என்பது அவர் தரும் விதி. பலரும் கேள்விப்பட்ட விதிதான், ஆனால் அரைகுறையாகப் புரிந்துகொள்ளப்பட்ட விதி.

மேலாளர் திட்டிய அன்று மாலை பேருந்தில் உட்கார்ந்துகொண்டு ராஜினாமாக் கடிதத்தை அனுப்பாதீர்கள் என்பது அதில் பாதி. மறுபாதியை நாம் மறந்துவிடுகிறோம். வெளியே எதையும் மாற்றாமல், உள்ளே எதையாவது மாற்று என்றும் அவர் அடுத்த விதியிலேயே சொல்கிறார். செபத்தைச் சற்றுக் கூட்டு, உன்னை ஆராய்ந்து பார், சோர்வு இழுக்கும் திசைக்கு எதிராகக் கொஞ்சம் நகர்ந்து பார் என்கிறார். ஆக, மாற்றாதே என்பதற்கு என்றென்றும் அங்கேயே இரு என்று பொருள் இல்லை. புயலில் நங்கூரத்தைத் தூக்காதே என்கிறார். துறைமுகத்திலேயே துருப்பிடித்துக் கிட என்று சொல்லவில்லை.

இங்கே ஒரு நடைமுறைக் கேள்வி எழும். வறட்சியே நான்கு ஆண்டாகத் தொடர்ந்தால் என்ன செய்வது? எலியா இறைவாக்கினரைப் பார்ப்போம் (1 அரசர்கள் 19). ஈசபேலுக்குப் பயந்து பாலைநிலத்துக்கு ஓடி, ஒரு செடியின் அடியில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்ற பொருளில் வேண்டுகிறார். விவிலியத்தில் இதைவிட வெளிப்படையான ராஜினாமாக் கடிதம் இல்லை. கடவுள் அதை ஏற்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. முதலில் தூங்க விடுகிறார். வானதூதர் தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார். மறுபடியும் தூக்கம், மறுபடியும் அப்பம். நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்த பிறகுதான், இங்கே என்ன செய்கிறாய் என்ற கேள்வி வருகிறது. எலியா தம் குறைகளைக் கொட்டித் தீர்க்கிறார். கடவுள் இருமுறை கேட்கிறார், இருமுறையும் முழுதாகக் கேட்டுக்கொள்கிறார். அதன் பிறகு பணி தொடர்கிறது. ஆனால் பழையபடி தனியாக அல்ல. எலிசா என்ற வாரிசும் கிடைக்கிறார்.

இதிலிருந்து நமக்குக் கிடைப்பது ஒரு வரிசை: முதலில் ஓய்வு, பிறகு உணவு, பிறகு மனம் திறந்து பேசுதல், முடிவு கடைசியில்தான். நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகிறோம். தூங்காத கண்ணோடு முடிவெடுத்துவிட்டு, பிறகு அதற்கு ஒரு காரணத்தைத் தேடுகிறோம். மிச்சமிருக்கும் விடுப்பில் நான்கு நாளை எடுத்து, உறவினர் கலியாணத்துக்கும் பிள்ளைகளின் பள்ளி வேலைக்கும் கொடுத்துவிடாமல், தூங்கவும் ஆலயத்தில் சும்மா உட்காரவும் செலவிட்டுப் பாருங்கள். ஐந்தாம் நாள் அதே கேள்வியைக் கேளுங்கள். பதில் மாறினால், களைப்புதான் பேசியிருக்கிறது. மாறாவிட்டால், அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

ஓய்வெடுத்தும் தூக்கம் திரும்பாமல், சோறு இறங்காமல், செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால், அது ஆன்மிக வறட்சி மட்டும் அல்ல. மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416, தமிழிலும் பேசலாம். செபமாலையும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

இனி, மனம் ஓரளவு அமைதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இஞ்ஞாசியார் தேர்வுக்கு உகந்த மூன்று வேளைகளைச் சொல்கிறார். முதலாவது, ஐயத்துக்கே இடமில்லாத அழைப்பு. மத்தேயுவையும் பவுலையும் அவரே எடுத்துக்காட்டாகத் தருகிறார். இது அபூர்வம். தனக்கு இது நடந்துவிட்டது என்று சொல்பவர் ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்பது நல்லது. இரண்டாவது, ஆறுதலும் வறட்சியும் மாறி மாறி வருவதைக் கவனித்து, எந்தத் திசையை நினைக்கும்போது நிலையான அமைதி தங்குகிறது என்று கண்டுகொள்வது. ஒரு சிறு நோட்டில், இரவு படுக்கும் முன் இரண்டு வரி எழுதி வந்தால் போதும். வேலையை விட்டுவிட்டதாகக் கற்பனை செய்துகொண்டு ஒரு வாரம், தொடர்வதாகக் கற்பனை செய்துகொண்டு ஒரு வாரம் என்று வாழ்ந்து பார்க்கலாம். விடுதலை போன்ற துள்ளல் ஒரே நாளில் வடிந்துவிடுகிறதா, பத்து நாள் கழித்தும் தங்குகிறதா என்பதே நோட்டில் தெரிய வேண்டியது.

மூன்றாவது, உணர்ச்சிகள் அடங்கிய வேளையில் அறிவைக் கொண்டு எடைபோடுவது. இதற்கு இஞ்ஞாசியார் கேட்கும் தகுதி ஒன்று உண்டு: தராசு முள் நடுவில் நிற்க வேண்டும். எந்தப் பக்கமும் சாயத் தயாராக இருக்க வேண்டும். முடிவை முன்பே எடுத்துவிட்டு, கடவுளிடம் கையெழுத்து மட்டும் வாங்க வருவது தேர்தல் ஆகாது. விட்டால் வரும் நன்மை, தீமை, தொடர்ந்தால் வரும் நன்மை, தீமை என்று நான்கையும் தாளில் எழுதச் சொல்கிறார்.

அந்தத் தாளில் பணமும் இருக்க வேண்டும். கோபுரம் கட்ட விரும்புபவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவார் என்று இயேசு ஓர் உவமை சொல்கிறாரே (லூக்கா 14:28-30), அந்த 'உட்கார்ந்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, நிரந்தரப் பணியாளருக்குப் பொதுவாக ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தால்தான் கிடைக்கும். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தோடு பஞ்சப்படியைச் சேர்த்து, 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வேலை செய்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து 13,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 7,500 ரூபாய். ஐந்து ஆண்டுக்கு 37,500. நான்கு ஆண்டு நான்கு மாதத்தில் கோபத்தில் எழுந்து போகிறவர் இதை மேசைமேல் விட்டுவிட்டுப் போகிறார். பி.எஃப். பணத்தை உடனே எடுத்துச் செலவழிக்காமல் அடுத்த வேலைக்கு மாற்றிக்கொண்டால், ஓய்வூதியத்துக்கான பத்து ஆண்டுச் சேவைக் கணக்கு அறுபடாமல் தொடரும். மாமியாருக்கு இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் மருந்து வாங்குகிறவர், அந்த அட்டை எதுவரை செல்லும் என்று போவதற்கு முன்பே கேட்டு வைக்க வேண்டும். நகைக் கடன் வட்டி, மகளிர் குழுத் தவணை, சீட்டு, பள்ளிக் கட்டணம் எல்லாம் அடுத்த ஆறு மாதத்துக்கு எப்படி நடக்கும்? பணி விலகலுக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்று நியமன ஆணையில் என்ன எழுதியிருக்கிறது? இவற்றைக் கேட்பது நம்பிக்கைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். உவமையில் ஊரார் சிரிப்பது கட்டத் தொடங்கி முடிக்க முடியாதவரைப் பார்த்துத்தான்.

கணக்கு முடிந்தபின்னும் முள் அசையாவிட்டால், இஞ்ஞாசியார் வேறொரு வழியும் தருகிறார். முன்பின் பார்த்திராத ஒருவர் இதே நிலையில் உங்களிடம் ஆலோசனை கேட்கிறார். அவருக்கு முழு நன்மையை விரும்பி என்ன சொல்வீர்கள்? நீங்கள் மரணப் படுக்கையில் இருக்கிறீர்கள்; இந்த நேரத்தில் எப்படி முடிவெடுத்திருந்தால் நல்லது என்று தோன்றும்? முதல் கேள்விக்கு ஒரு தனிப் பலன் உண்டு. நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் கடுமையான வார்த்தைகளை முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் நாம் சொல்லமாட்டோம். 'உனக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும்' என்று அவளிடம் கேட்கமாட்டோம். 'உன் பிள்ளைகள் உன்னை எப்படிப் பார்க்கிறார்கள்' என்றுதான் கேட்போம்.

இத்தனைக்கும் நடுவே எச்சரிக்கையாக இருக்க வேண்டியது இரகசியத்தைக் குறித்து. பகைவன் தன் சூழ்ச்சி மறைவாக இருப்பதையே விரும்புகிறான். ஆன்மிக வழிகாட்டியிடம் அதைத் திறந்து சொன்னதும் அவன் கை ஓய்ந்துவிடுகிறது என்று இஞ்ஞாசியார் ஒரு விதியில் காட்டுகிறார். கைப்பேசியில் ராஜினாமாக் கடிதம் இருப்பது கணவருக்குத் தெரியுமா? தெரியாது என்றால், முதல் வேலை அதுதான். நம் குடும்பங்களில் இதற்கு ஒரு தடை இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம். ஆண் வேலையை விட்டால் ஊரே காரணம் கேட்கும். பெண் விட்டால் யாரும் கேட்பதில்லை. 'நல்லதாப் போச்சு, வீட்டைப் பார்க்கட்டும்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அவள் சம்பளத்தோடு அவளுக்கிருந்த சுதந்திரமும், சக ஊழியரின் தோழமையும், அவள் கையில் ஒழுங்காக ஓடிய ஓர் அலுவலகமும் போவதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இளமையில் கல் குவாரியிலும் இரசாயனத் தொழிற்சாலையிலும் உழைத்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், உழைப்பைப் பற்றி 1981-இல் ஒரு சுற்றுமடல் எழுதினார். உழைப்பின் மதிப்பு முதன்மையாக அந்த வேலை எத்தகையது என்பதில் இல்லை, அதைச் செய்பவர் ஒரு மனிதர் என்பதில் இருக்கிறது என்பது அதன் மையக் கருத்து. தண்ணீர் கேன் கணக்கு எழுதும் கைக்கும் அது பொருந்தும். இருப்பதானாலும் போவதானாலும், 'இது ஒரு வேலையா' என்ற ஏளனத்தால் முடிவெடுக்க வேண்டாம்.

முடிவை எடுத்தபின் அதைச் செபத்தில் காணிக்கையாக வைத்து, கடவுள் அதை உறுதிப்படுத்தும்படி கேட்க வேண்டும் என்பது இஞ்ஞாசியாரின் கடைசிப் படி. ஒரு வாரமாவது காத்திருங்கள். தொடர்வது என்று முடிவானால், மேலாளரிடம் பேச வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பேசுங்கள்: என் வேலைகள் இவை, சம்பள உயர்வு எப்போது, திட்டுவதாக இருந்தால் அறைக்குள் கூப்பிட்டுத் திட்டுங்கள். ஒழுங்காக எடுத்த முடிவு என்றால் அதைத் தினமும் தோண்டிப் பார்க்கத் தேவையில்லை. இருக்கும் இடத்தில் செம்மையாக இருப்பதே போதும் என்பதும் அதே நூலின் ஆலோசனைதான். விடுவது என்று முடிவானால், எலியா எலிசாவிடம் பணியை விட்டுச் சென்றதுபோல் விட்டுச் செல்லுங்கள். கோப்புகளின் பட்டியல், கடவுச் சொற்கள், நிலுவையில் உள்ள பில்கள் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். விடுவிப்பு ஆணையும் அனுபவச் சான்றிதழும் கைக்கு வராமல் வாசலைத் தாண்டாதீர்கள்.

பங்குச் சமூகத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. வேலையை விட்ட ஒருவரை ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வளாகத்தில் பிடித்து நிறுத்தி, ஏன் விட்டீர்கள், இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கேட்பதை ஒரு மூன்று மாதம் தள்ளிப்போடலாம். அதற்குப் பதிலாக, நம் அன்பியத்தில் கடை வைத்திருப்பவர் யார், பள்ளி அலுவலகத்தில் இருப்பவர் யார், கணக்காளரிடம் வேலை செய்பவர் யார் என்று யோசித்து, ஆள் தேவைப்படும் இடத்தைச் சொல்லலாம். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதத்தில், வின்சென்ட் தே பவுல் சபையினர் அந்த வீட்டுக்குச் சத்தமில்லாமல் போய்வரலாம். அடுத்த அன்பியக் கூட்டத்தில், வேலை தேடுவோரின் பெயர்களையும் ஆள் தேவைப்படும் இடங்களையும் எழுத ஒரு நோட்டைத் திறந்து வையுங்கள். பங்குத்தந்தையிடம் சொன்னால் பங்கு அலுவலகத்திலேயே அதை வைத்திருக்க இடம் கொடுப்பார்.